ஏம்ஸ் எங்கே

எம்மெட் டோய்ல் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது, வழக்கம்போல் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறான். மாதம் ஒருமுறையாவது கண்ணாடி மேல் உட்கார்ந்துவிடுவான், நான் நிமிர்த்திக் கொடுப்பேன். அன்று கண்ணாடி நேராகத்தான் இருந்தது. கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"டோரீன், உன் புருஷன் எனக்கு ஒரு ஆஃபர் அனுப்பியிருக்கான்."

"அவன் அனுப்பாத நாள் எது?"

"லமாண்ட் ஹால்ஸ்டன் வேணுமாம். ரெண்டு வருஷத்து முதல் சுற்றையும் தர்றானாம்."

நான் துணியை எடுத்து அவன் கண்ணாடியைத் துடைத்தேன். ஹால்ஸ்டன் ஆட்டத்தை விட்டு ஆறு வருடமாகிறது. இப்போது கோட்டு போட்டுக்கொண்டு டிவியில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறான்.

"கிண்டல் பண்றான்னு நெனச்சேன். ஹால்ஸ்டனோட என் தாத்தாவையும் சேர்த்து எடுத்துக்கடான்னு எழுதினேன். உடனே பதில் வருது, சரி, மூணாவது வருஷத்தையும் சேர்த்துக்கோன்னு." எம்மெட் இப்போது என்னைப் பார்த்தான். "கிண்டல் பண்றவன் விலையை ஏத்த மாட்டான், டோரீன்."

கண்ணாடியில் துடைக்க எதுவும் இல்லை. இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்த லீக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பேர். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் என் புருஷன் ரோமனும் எம்மெட்டும் ஆரம்பித்தது. நிஜமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டக்காரன் ஓடுகிற ஒவ்வொரு கெஜமும் இவனுக்குப் புள்ளி. மற்ற லீக்குகளில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கலைத்துவிட்டு மறுபடி பங்கு போடுவார்கள். இது வம்ச லீக். கலைப்பதே கிடையாது. ஒரு பையனை இருபத்தொரு வயதில் எடுத்தால், அவன் முழங்கால் தேய்ந்து வீட்டுக்குப் போகும்வரை அவன் உன் அணியில்தான். நீயாக இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் போவான். அதனால் ஆட்டமே இல்லாத மாதங்களிலும், வாசலில் இடுப்பளவு பனி கிடக்கும் பிப்ரவரியிலும், யாரை வாங்கலாம், யாரைத் தள்ளிவிடலாம் என்ற பேரம் ஓயாது. ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். அல்லது ஆளைக் கொடுத்துவிட்டு, இனி வரும் வருடத்தில் புதுப் பையன்களை முதலில் எடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்வார்கள். முதல் சுற்று என்பது அந்த உரிமை.

லீக்கின் தலைவர் பெர்னி என்ற பிளம்பர். கமிஷனர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் எழுதி வைத்த விதிகளில் கடைசி விதி எல்லோருக்கும் மனப்பாடம்: எவனும் எவனையும் காப்பாற்றக் கூடாது. பேரம் எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் யாரும் தடுக்கக் கூடாது, வாங்கியதைத் திருப்பித் தரக் கூடாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தீபகற்பக் கடற்கரையில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுவோம். கடற்கரை என்பது ஏரிக்கரைதான், ஆனால் மறுகரை தெரியாது. அந்த வருடம் மிக மோசமாக ஏமாந்தவன் ஒரு மஞ்சள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அத்தனை பேருக்கும் பெர்ச் மீன் வறுத்துப் போட வேண்டும். ஏப்ரனில் 'நான் ஏமாந்தேன்' என்று பெர்னியின் மனைவி தைத்திருந்தாள். எம்மெட் அதை நான்கு முறை கட்டியிருக்கிறான். நான்கு முறையும் கட்டவைத்தவன் ரோமன். ரோமன் ஒருமுறைகூடக் கட்டியதில்லை.

ரோமனிடம் நீலநிற அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. முடித்த பேரங்களை அதில் எழுதிவைப்பான். யாரைக் கொடுத்தான், யாரை வாங்கினான், பேச்சு எத்தனை நாள் இழுத்தது. ஜெயித்தவை மட்டும்தான். தோற்ற பேரங்களை எழுதவே மாட்டான். "நடக்காததை எதுக்கு எழுதணும்?" என்பான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: விழுவதற்கு ஒரு வருடம் முன்னால் விற்றுவிடு. அவனுக்கு வேதம் அது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் எவனையும் இருபத்தேழு வயதுக்கு மேல் வைத்திருக்க மாட்டான். "இவன் இன்னும் நல்லாத்தானே ஓடறான்?" என்று நான் கேட்டால், "அதனாலதான் இப்பவே விக்கணும், டோரி. ஓட முடியாம போனப்புறம் எவன் வாங்குவான்?" என்பான்.

பிப்ரவரியில்தான் டாக்டர் சொன்னார். அதற்கு ஆறு மாதம் முன்பே எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், தெரியாதது போல இருந்தேன். இருபத்தெட்டு வருடம் பிரேக் வால்வு பொருத்திய கை. ஒரு நாள் காலை, எது முதலில், எது அடுத்தது என்று தெரியாமல் வேலை மேசை முன்னால் நின்றிருக்கிறான். ஐம்பத்தெட்டு வயது. டாக்டர் இளவயது மறதி நோய் என்றார். மருந்து இருக்கிறது, மெதுவாக்கும், நிறுத்தாது என்றார். ரோமனும் நானும் காரில் திரும்பினோம். நெடுஞ்சாலையில் உப்பு தூவும் வண்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"லீக்குல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது," என்றான்.

"சரி."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

அவனுடைய தம்பிக்குச் சொல்ல வேண்டாமா, தேவாலயத்தில் சொல்ல வேண்டாமா என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்ட சத்தியம் இது ஒன்றுதான். கொஞ்சம் கோபம்கூட வந்தது. வாழ்க்கை சரிந்துகொண்டிருக்கும்போது ஒரு விளையாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று. அந்தக் கோபத்தினால்தான், கடையில் எம்மெட் கேட்டபோது சத்தியத்தை மீறுவது அவ்வளவு கஷ்டமாக இல்லையோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

எம்மெட்டிடம் சொல்லிவிட்டேன். அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான், மறுபடி கழற்றினான்.

"அவனை ஏமாத்தாதீங்க," என்றேன். "அவ்வளவுதான் கேக்கறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லு."

"நான் ஏன் ஏமாத்தப் போறேன்?"

"பத்தொன்பது வருஷமா அதைத்தானே பண்ணிட்டிருக்கீங்க?"

"அது வேற, டோரீன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். "அது வேற."

மே மாதத்திலிருந்து ரோமனின் கை ஓங்கியது. காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து போனைத் திறப்பான். யாராவது ஏதாவது அனுப்பியிருப்பார்கள். பெர்னி ஒரு நல்ல தடுப்பாளரைக் கொடுத்துவிட்டு, காலொடிந்து கிடந்த ஒருவனை வாங்கிக்கொண்டார். எம்மெட் இரண்டு முறை முதல் சுற்றைக் கொடுத்தான், பதிலுக்குக் கேட்டது ஒன்றுக்கும் ஆகாத ஆட்களை. ஜூன் நடுவில் ஷெல்லி, லீக்கில் இருக்கும் ஒரே பெண், கிவோன் ஏம்ஸையே கொடுத்தாள். ஏம்ஸுக்கு இருபத்திரண்டு வயது. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் பிடிப்பான். லீக்கில் அவனை ஆசைப்படாதவர் கிடையாது. அவனுக்குப் பதில் ஷெல்லி வாங்கியது முப்பது வயதான ஒருவனையும் மூன்றாம் சுற்று ஒன்றையும்.

"ஷெல்லிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!" ரோமன் மேசையைத் தட்டினான். காபி தளும்பியது. "டோரி, இங்க வா, பாரு. அடுத்த பத்து வருஷம் இவன் என் ஆளு. பத்து வருஷம்!"

நான் போய் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பத்து வருடம் என்பதை நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவன் சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் ஒரு ஆள் கொஞ்சம் இரக்கம் காட்டினால் என்ன குறைந்துவிடும்? அந்த இரண்டு வாரமும் நான் கடையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ஜூன் கடைசியில் ஒரு காலை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ரோமன் நீல நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது. அப்படிப்பட்ட காலைகள் அப்போதும் வரும், வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. அவற்றுக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அது வராமலே இருந்திருக்கலாம்.

"உக்காரு," என்றான்.

"நேரமாச்சு."

"உக்காரு, டோரி."

உட்கார்ந்தேன். அவன் நோட்டை என் பக்கம் திருப்பி விரலை வைத்தான்.

"ஏழாம் வருஷம். எம்மெட்கிட்ட ஹால்ஸ்டனை வாங்கினேன். எத்தனை நாள்னு போட்டிருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொரு நாள். அவன் அம்மா சாவுக்குப் போயிருந்தப்பகூட சவப்பெட்டி பக்கத்துல நின்னுட்டுப் பேரம் பேசினான். இது பெர்னி. இருபத்தாறு நாள். இது ஷெல்லி, அவ லீக்குக்கு வந்த முதல் வருஷம். பதினெட்டு நாள், அதுவும் அழுதா." பக்கங்களைத் திருப்பினான். கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அங்கே அவன் எழுத்து கோணலாக, பெரிதாக இருந்தது. "இது இந்த மாசம். ஒரு நாள். அரை நாள். இது ஏம்ஸ். இதுக்கு என்ன போட்டிருக்கேன்?"

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"பத்து நிமிஷம்," என்றான். "யார்கிட்ட சொன்ன?"

"நான் யார்கிட்டயும்..."

"டோரி."

"எம்மெட்கிட்ட."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நோட்டை மூடினான். அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்த்தான்.

"அவன் உன்னை ஏமாத்திடக் கூடாதுன்னுதான்..."

"ஏமாத்தட்டுமே." இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏமாத்தணும்னா முன்னால ஒரு ஆள் இருக்கணும். இவங்க கண்ணுக்கு நான் இப்பவே இல்லை. ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட ஓடும்போது பெரியவங்க வேணும்னே தோத்துப் போவாங்களே, அப்படித் தோத்துப் போறாங்க."

நான் எழுந்து அவன் கையைத் தொட்டேன். அவன் விலக்கவில்லை. விலக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே அவன் எம்மெட்டுக்கு ஒரு ஆஃபர் அனுப்பினான். ஏம்ஸைத் தருகிறேன், உன்னிடம் இருக்கிற ரிஸோவைக் கொடு. ரிஸோவுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு வருடமாக ஓரத்து பெஞ்சில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறான். சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ரோமன் தெரிந்துதான் அனுப்பினான்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது.

மறுபடி அனுப்பினான். நிராகரிக்கப்பட்டது. அடுத்த நாள் ஏம்ஸோடு ஒரு முதல் சுற்றையும் சேர்த்து அனுப்பினான். அதுவும் நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் பார்ப்பான். மூன்றாம் நாள் மதியம் அவன் சாப்பிடவில்லை. நான் செய்த பியரோகி, உருளைக்கிழங்கு வைத்த போலந்துக் கொழுக்கட்டை, தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்காக அவனுக்கு ஃபோன் பண்ணாதே," என்றான், நான் பையை எடுத்தபோது.

"பண்ணல."

பண்ணவில்லை. நேரில் போனேன்.

எம்மெட்டின் கடையில் புழு வாளிகளின் ஈர மண் வாசம். கல்லாவுக்குப் பின்னால் அவன் தூண்டில் சுருளைப் பிரித்துப்போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தான்.

"எடுத்துக்கோ," என்றேன்.

"எதை?"

"ஏம்ஸை. ரோமன் தர்றான்ல, எடுத்துக்கோ."

"உனக்கு என்ன ஆச்சு? நீதான் வந்து அவனை ஏமாத்தாதேன்னு..."

"நான் வரல, நீதான் என் கடைக்கு வந்த."

"சரி, நான் வந்தேன். நீ சொன்ன. இப்போ ஏமாத்துங்கற. ஒரு முடிவுக்கு வா, டோரீன்."

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, எம்மெட். எல்லாரும் வேணும்னே குடுக்கறாங்கன்னு."

அவன் தூண்டில் சுருளைக் கீழே வைத்தான்.

"அவன் சாப்பிடல," என்றேன். "நீ வேண்டாம்னு சொல்லச் சொல்ல அவன் சுருங்கிட்டே போறான். ஒரு தடவை அவனைக் கொள்ளையடி. எப்பவும் பண்ற மாதிரி பண்ணு."

"நல்லா இருக்கறவனைக் கொள்ளையடிக்கலாம்." அவன் கண் நிறைந்துவிட்டது. பெரிய உடம்புக்காரன், வாளிகளுக்கு நடுவில் அப்படி நின்றான். "அவன் ஹால்ஸ்டனைக் கேட்டான், டோரீன். ஹால்ஸ்டனை! என்கிட்டயிருந்து அவனை வாங்கினதே அவன்தான். அப்படி இருக்கறவன் பாக்கெட்டுல கையை விடச் சொல்றியா? என் பையன் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"நாலு வருஷம் அந்த ஏப்ரனைக் கட்டினியே, கோபமே இல்லையா?"

"இருந்துது." கொஞ்சம் சிரித்தான். "ரெண்டாவது தடவை அவன் கார் டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டேன்."

"அது நீதானா?"

"அவனுக்குத் தெரியும். மறுநாள் என் புழு வாளியில சோப்புப் பவுடர் போட்டான்."

"அந்தக் கோபத்துல எடு," என்றேன்.

அவன் தூண்டில் சுருளை ஓரமாகத் தள்ளினான். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து போனை எடுத்தான். செதில் ஒட்டிய கட்டைவிரல் திரையில் சரியாகப் பதியவில்லை. பேண்டில் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். அப்புறம் வெகுநேரம் எதையோ எழுதினான், அழித்தான், எழுதினான்.

நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ரோமனின் சிரிப்பு கேட்டது. லீக்கின் அரட்டைக் குழுவை எனக்குக் காட்டினான். எம்மெட் எல்லோருக்கும் தெரியும்படி எழுதியிருந்தான்: "பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன்டா, கிழட்டு ரோமன்! ஏம்ஸ் என் வீட்டுக்கு வந்துட்டான்! மஞ்சள் ஏப்ரனை இஸ்திரி போட்டு வைக்கறேன், உன் தொப்பைக்குப் பத்தாதுன்னா கயிறு சேர்த்துக் கட்டிக்கோ!" கீழே பெர்னி, "மடையா ரோமன், ரிஸோவுக்கு நடக்கவே ஊன்றுகோல் வேணும்" என்று எழுதியிருந்தார். ஷெல்லி வெறும் சிரிப்பு முகமாக ஒரு வரிசை போட்டிருந்தாள். அதைத் தட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பன்னி!" என்றான் ரோமன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பன்னிப் பய, எடுத்துட்டான் பாரு! கொஞ்சம்கூட வெக்கமில்ல!"

ஆறிப்போன பியரோகியை வெண்ணெயில் புரட்டிக் கொடுத்தேன். ஒன்பது சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே, எம்மெட்டிடமிருந்து ஏம்ஸைத் திரும்ப எப்படிப் பிடுங்குவது என்று திட்டம் சொன்னான். முதலில் அவனுடைய ஓட்டக்காரர்களுக்கு வயதாக விட வேண்டும், அக்டோபரில் ஒருவனாவது அடிபடுவான், அப்போது போய் நிற்க வேண்டும். அவன் பேசுவதைக் கேட்டபடி தட்டுகளைக் கழுவினேன். தண்ணீர் சூடாகிப்போனதுகூடத் தெரியவில்லை.

நோட்டில் அவன் எதுவும் எழுதவில்லை. தோற்ற பேரம்.

மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் போன் திறக்கும் சத்தம். பிறகு நாற்காலி பின்னால் நகர்ந்து தரையைக் கீறியது.

"ஏம்ஸ் எங்கே?"

நான் திரும்பினேன்.

"ஏம்ஸைக் காணோம்! டோரி, என் டீம்ல ஏம்ஸ் இல்ல. இது யாரு? ரிஸோவா? இந்தக் கிழவன் என் டீம்ல என்ன பண்றான்?" நீல நோட்டை வேகமாகப் புரட்டினான். ஏம்ஸை வாங்கியது அதில் இருந்தது. கொடுத்தது இல்லை. "எவன் பண்ணினான் இதை? எவனோ என் ஃபோனை எடுத்திருக்கான்!"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். நேற்று மதியம் நீ ஒன்பது பியரோகி சாப்பிட்டாய், சிரித்தாய், அக்டோபருக்குத் திட்டம் போட்டாய் என்று சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்லவில்லை என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியாது. நேற்று என்று ஒன்று இருந்ததும், அதில் தானே இதைச் செய்ததும் அவனுக்குத் தெரிந்தால், மறுபடி அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தேன்.

"நான்தான்," என்றேன்.

"என்னது?"

"நான்தான் குடுத்தேன். எம்மெட் கேட்டான். நல்ல பேரம்னு நெனச்சேன்."

என்னையே பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தன. புருவம், தாடை, நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதனின் அந்தக் கூர்மையான, பொறுமையில்லாத பார்வை.

"இருபத்தாறு வருஷம் என்கூட இருந்திருக்க. ஒரு மண்ணும் கத்துக்கல. இருபத்திரண்டு வயசுப் பையனைக் குடுத்துட்டு முப்பத்தேழு வயசுக் கிழவனை வாங்குவாங்களா? எந்த முட்டாளாவது வாங்குவானா? வயசு பாக்கணும், டோரி, முழங்கால் பாக்கணும், எத்தனை வருஷ ஒப்பந்தம் மிச்சம் இருக்குன்னு பாக்கணும்..."

பத்து நிமிடம் திட்டினான். ஒரு சொல் தடுமாறவில்லை, ஒரு பெயர் மாறவில்லை. பிறகு எம்மெட்டைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டுக் கத்தினான்.

"என் பொண்டாட்டி தெரியாம குடுத்துட்டாடா. திருப்பிக் குடு."

எம்மெட் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்று நான் அடுப்புப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

"லீக்குல திருப்பித் தர்றது கிடையாது, ரோமன்," என்றான் கடைசியில்.

ரோமன் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்புறம், "அது சரி," என்றான். குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அதற்கு அடுத்த நாளும் கேட்டான். அதற்கு அடுத்த நாளும். ஜூலை முழுக்க, அநேகமாக ஒவ்வொரு காலையும், போன் திறக்கும் சத்தம், நாற்காலி கீறும் சத்தம், ஏம்ஸ் எங்கே. ஒவ்வொரு காலையும் அவனுக்கு அது புதிய இழப்பு. அன்றைக்குத்தான் நடந்ததுபோல அவன் முகம் வெளுக்கும். எம்மெட்டை மட்டும் அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. வாரம் ஒருமுறை எம்மெட் எனக்கு எழுதிக் கேட்பான்: "திருப்பிக் குடுத்துடட்டுமா? யாருக்கும் சொல்ல வேண்டாம். பெர்னி கண்ணை மூடிக்குவார்." நான் பதில் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கும் சொல்ல முடியாது. "நான்தான்" என்று நான் சொன்னவுடன் வரும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அவன் முழுசாக இருந்தான். மற்ற நேரங்களில் யாரோ ஒரு நல்ல பெண்மணிக்குச் சொல்வதுபோல் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தால் நன்றி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டால் நன்றி. என் புருஷன் அப்படி நன்றி சொல்பவன் அல்ல. காலையில் முட்டாள் என்று என்னைத் திட்டியவன்தான் என் புருஷன். அவனை வரவழைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அதற்காக அவனை நான் தினமும் கொள்ளையடித்தேன். எம்மெட் ஒரு தடவைதான் செய்தான்.

பத்து நிமிடம் எட்டாயிற்று. ஐந்தாயிற்று. ஆகஸ்டில் ஒரு நாள், முழங்கால் பார்க்க வேண்டும் என்றவன், அப்புறம் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நின்றான். நான் எடுத்துக்கொடுத்தேன்: "ஒப்பந்தம்." "ஆமா," என்றான், "ஒப்பந்தம்," என்றான், நன்றி என்றான்.

கடற்கரையில் கூடும் நாள் வந்தது. காலையில் வழக்கம்போல் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ரோமன் போனைத் திறந்தான். பெயர்களின் மேல் விரலை வைத்து மேலே தள்ளினான், கீழே தள்ளினான். "நான்தான்" என்ற வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது.

"நல்ல டீம்தான்," என்றான். "யாரோடது?"

போனை என்னிடம் நீட்டினான், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் மற்றவருடைய போனைப்போல.

மதியம் எல்லோரும் வந்திருந்தார்கள். காற்று மேற்கிலிருந்து அடித்தது, காகிதத் தட்டுகள் பறந்தன. ரோமனைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் சத்தமாகச் சிரித்துப் பேசினார்கள், தேவைக்கு மேல் சத்தமாக. எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. மாவில் புரட்டிய மீன் காத்திருந்தது. எம்மெட் மஞ்சள் ஏப்ரனை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்வதற்குள் ரோமனே அதைப் பார்த்துவிட்டான். அருகில் போய் வாங்கி விரித்துப் பிடித்தான். அதில் தைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ஷெல்லி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை யாரு கட்டிக்கணும்?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டான். மரியாதையாக, புதிதாக வந்த விருந்தாளி கேட்பதுபோல்.

பெர்னி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றேன்.

அவன் கையிலிருந்து ஏப்ரனை வாங்கினேன். பின்பக்கக் கயிறு எனக்கு எட்டவில்லை. ரோமன்தான் கட்டிவிட்டான். முடிச்சு எப்படிப் போடுவது என்று ஒரு நிமிடம் யோசித்தான், பிறகு அவன் விரல்கள் தாமாகவே போட்டன. நான் சட்டிப் பக்கம் போய் மீனைப் போட ஆரம்பித்தேன். தட்டுகளோடு வரிசை வந்தது. எம்மெட் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோமன் இரண்டாவது முறை வந்தான். "மீன் பிரமாதம்," என்றான். "எதுல ஏமாந்தீங்க?"

"ஒரு நல்ல பையனைக் குடுத்துட்டேன்."

"அடடா," என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். "திருப்பித் தர மாட்டாங்களா?"

"இங்க அது வழக்கம் இல்ல."

தலையை ஆட்டினான், தட்டை நீட்டினான். நான் இரண்டு துண்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மூன்றாவது முறையும் வரிசையில் வந்து நின்று, என் ஏப்ரனைப் படித்துவிட்டு, அதையே கேட்டான்.